ரகம் பிரித்த கற்கள்

உப்புப் போட்ட தோலை ஒரே அடுக்கில் விட்டுவைத்தால் அடியில் கிடப்பது வெந்துபோகும். நெருப்பில்லாமலே வேகும். இடுக்கில் கையை விட்டால் சூடு தெரியும். பிறகு மயிர் உதிரும், வாடை மாறும், சரக்கு போச்சு. அதனால் திண்டுக்கல் பேகம்பூர்த் தோல்மண்டிகளில் அடுக்கை அவ்வப்போது கலைப்பார்கள். மேலே கிடந்தது அடிக்குப் போகும், அடியில் கிடந்தது மேலே வரும். பழைய உப்பைத் தட்டிவிட்டுப் புது உப்பைத் தூவி மறுபடி அடுக்குவார்கள். அப்துல் ஹக்கீம் விவரம் தெரிந்த நாளிலிருந்து செய்துவரும் வேலை இது. செய்து செய்து அது அவருடைய சுபாவமாகவே ஆகிவிட்டது. எதையும் போட்டது போட்டபடி கிடக்க விடமாட்டார். வீட்டு அரிசி மூட்டையைக்கூடப் புரட்டிப் போடுகிற மனுசன் என்று அவர் மனைவி சர்புன்னிசா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவருடைய மண்டியில்தான் தஹ்சீன் தன் கல்பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

தஹ்சீன் அவருக்கு ஒரே மகள். ஊரில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி எடுக்கிறாள். நிரந்தர வேலை இல்லை, வருசா வருசம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். வேலையோடு வேலையாகப் பிஎச்டியும் நடந்துகொண்டிருந்தது. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் கம்பெனி ஒன்று சுண்ணாம்புக்கல் தேடி ஆழத் துளை போட்டு, பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாகக் கல்லை உருவியெடுத்திருந்தது. உலக்கையைத் துண்டு போட்ட மாதிரி இருக்கும். கம்பெனிக்கு அது உதவாதென்று ஆனதும் எறியப்போனார்கள். இவள் போய்க் கேட்டு வாங்கிவந்தாள். நீளநீளத் தகரப்பெட்டிகள். உள்ளே தடுப்புகள். பூமிக்குள் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் கற்கள். கல்லூரியில் பெட்டிகள் இருந்த அறையைக் கம்ப்யூட்டர் வகுப்பாக மாற்றியபோது அவை வராந்தாவுக்கு வந்தன. வராந்தாவில் பசங்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டார்கள். ஹக்கீம்தான் சொன்னார்:

"மண்டியில பின்கட்டு சும்மாதான கெடக்கு. கொண்டாந்து போடு. எம்புட்டுப் பெட்டியா இருந்தா என்ன?"

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தஹ்சீன் தன் வகுப்புப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு அரியலூருக்குப் பாறை காட்டப் போயிருந்தாள். பின்கட்டுத் தகரக்கூரை ஒழுகிப் பெட்டிகளில் தண்ணீர் நின்றது. ஹக்கீம் ஒரு பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஊறின மண்வாடை. கல்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. மகளுக்குப் போன் போட யோசித்தார். பிள்ளைகளை மேய்க்கப் போன இடத்தில் எதற்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டார்.

"ஏலே மரியராஜு, இதப் பூராத்தையும் எடுத்து வெளிய வைடா. தொட்டியில தண்ணி மாத்து."

மரியராஜ் அவரிடம் உப்புப் போடுகிறவன். நெடுநாள் ஆள். ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"மொதலாளி, இதுல நம்பரு போட்டிருக்கு."

"கம்பெனிக்காரன் போட்டிருப்பான். தோலுக்கும்தான் கசாப்புக்கடைக்காரன் குறி போட்டு அனுப்புறான். அத வெச்சா நாம ரகம் பிரிக்கிறோம்?"

"அதுவும் சரிதான்."

தேங்காய்நார்ப் பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். கல்லில் இருந்த நம்பரும் அதோடு போயிற்று. மழை விட்ட நேரம் பார்த்து முற்றத்தில் காயவைத்தார்கள். தடுப்புகளுக்கு நடுவே நம்பர் எழுதிய சின்னச் சின்ன மரக்கட்டைகள் இருந்தன. கல் ஆடாமலிருக்கச் செருகியதென்று நினைத்து, மரியராஜ் அவற்றைத் தோல் அடுக்குப் பலகைகளுக்கு அண்டை கொடுத்தான். பிறகு ஹக்கீம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாகக் கையில் வாங்கி, தட்டிப் பார்த்து, வெயிலுக்குக் காட்டி, ரகம் பிரித்தார். வெள்ளையாக, நீளமாக, விரிசல் இல்லாதது முதல் ரகம். மணல்கல் இரண்டாம் ரகம். உடைசல் மூன்றாம் ரகம். கையிலெடுத்தாலே பொலபொலவென்று உதிர்ந்த கறுப்பு மண்கட்டிகள் கழிசல். அதைக் கூடையில் அள்ளி வெளியே கொட்டச் சொன்னார். அவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் மகள் வந்து பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்து ஒருமாதிரி சந்தோசமாகவே இருந்தார்.

தஹ்சீன் வேனை விட்டு இறங்கி நேராக மண்டிக்குத்தான் வந்தாள். செருப்பெல்லாம் சுண்ணாம்புச் சேறு. தோளில் பை. பின்கட்டில் புதுத் தார்ப்பாய் கட்டியிருப்பதைப் பார்த்தாள். அதன் கீழே பெட்டிகளையும் பார்த்தாள்.

"அத்தா, இது என்ன?"

"மழ பூந்துருச்சும்மா. அப்படியே விட்டா வீணாப் போகும்ல? அலசிக் காயவெச்சு ரகம் பிரிச்சாச்சு. இது மொத ரகம். பாரு, ஒரு கீறல் கெடையாது. அந்தாண்ட ரெண்டாம் ரகம்."

"எது மேல இருந்துச்சு? எது கீழ இருந்துச்சு?"

"கீழ இருந்தத மேல போட்டாச்சு. அதப்பத்திக் கவலப்படாத."

மரியராஜுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டுவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான். தஹ்சீன் ஒரு கல்லை எடுத்தாள், திருப்பினாள், பழையபடி வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"கறுப்பா, மண்ணு மாதிரி ஒண்ணு இருந்துச்சே? அடிப் பெட்டியில?"

"அது கழிசல். தூக்கிப் போட்டாச்சு."

அவள் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஹக்கீமுக்குச் சுலபமாக இருந்திருக்கும், எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் சும்மா பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரம் கழித்து எழுந்து, "பசிக்குது அத்தா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

வீட்டில் சோற்றுக்கு ஊற்ற ஆட்டுக்கறி ஆணமும் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வெஞ்சனமும் இருந்தன. தஹ்சீன் சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள். ஹக்கீமால்தான் முடியவில்லை. விசயம் தெரிந்ததும் சர்புன்னிசா பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கள யாரு கேட்டா? மகளுக்கு ஒரு எடம் பாருங்கன்னா நத்தம் ரோடு தாண்டி வண்டிய விட மாட்டீங்க. கல்லக் கழுவணும்னா மட்டும் கச்சையக் கட்டிக்கிட்டு எறங்கிட்டீங்க."

"நாசமாப் போகக்கூடாதுன்னுதான செஞ்சேன்?"

"அதான் நீங்களே நாசமாக்கிட்டீங்கள்ல, அப்புறம் மழ எதுக்கு?"

"அம்மா, விடு" என்றாள் தஹ்சீன். தட்டில் விரலால் ஆணத்தை வழித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள். "அத்தா, ஒங்களுக்குத் தோலுதான் சரக்கு. எனக்குக் கல்லு சரக்கில்ல. வரிசதான் சரக்கு. எதுமேல எது உக்காந்துச்சுங்கிறதுதான். அடியில இருக்கறது முன்னாடி விழுந்தது, மேல இருக்கறது பின்னாடி விழுந்தது. அத வெச்சுத்தான் அங்க கடல் எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னு சொல்றோம்."

"அரியலூர்லயா? கடலு?"

"ஆமா. அந்தக் கறுப்பு மண்ணுக்குக் கீழ பூரா சிப்பி. மேல ஒண்ணுகூடக் கெடையாது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு அந்தக் கறுப்பத்தான் கேக்கணும். என் ஆராய்ச்சியே அதான்."

ஹக்கீம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

"போட்டோ கீட்டோ பிடிச்சு வெக்கலையா?"

"மேல்பாதிக்குப் பிடிச்சேன், எழுதியும் முடிச்சேன். கீழ்ப்பாதிய லீவுல பாப்போம்னு இருந்தேன். நேரம் எங்கத்தா? நாலு பேப்பர் எடுக்கறேன். பிராக்டிகல் தனி. அட்மிஷன் நேரத்துல ரெட்டியார்சத்திரம், வடமதுரைன்னு வீடு வீடாப் போயி, எங்க காலேஜுக்குப் புள்ளைய அனுப்புங்கன்னு கெஞ்சணும். பங்குனிக்குள்ள தீசிஸ் குடுக்கணும். அதுக்கு மேல தவணை கெடையாது. பிஎச்டி இல்லன்னா ஜூன்ல ஒப்பந்தம் கெடையாது."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வாங்கினாள். வெளியே மழை மறுபடி பிடித்தது.

ரெண்டு நாள் கழித்து மண்டியில் வைத்தே அவளுடைய பிஎச்டி கைடிடமிருந்து போன் வந்தது. கையெல்லாம் மண்ணாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அந்த மனுசன் திருச்சியில் இருந்தார். நல்ல குரல், அவசரமில்லாத குரல்.

"இதுக்கு ஏம்மா இப்படி ஒடஞ்சுபோற? மேல்பாதி ஒங்கிட்ட இருக்கு. அந்த ஏரியாவப்பத்தி ஆயிரம் பேரு எழுதியிருக்காங்க. அதப் பாத்து கீழ்ப்பாதிய ஒரு வரிசையில அடுக்கி வை. யாரு திண்டுக்கல் வந்து ஒன் பெட்டியத் தெறந்து பாக்கப்போறா?"

"பாக்கறேன் சார்."

போனை வைத்தாள். ஹக்கீம் தொண்டையைச் செருமினார்.

"பெரிய மனுசன். அவரே சொல்றாருல்ல?"

"அத்தா, ரெண்டாம் ரகத் தோல மொத ரகம்னு சொல்லி ஏத்தி அனுப்புவீங்களா?"

"அனுப்பியிருக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தன தடவ?"

"ஒருக்கா மாட்டிக்கிட்டேன்."

"மாட்டாதது?"

"அந்தப் பார்ட்டி இன்னிக்கும் நம்மகிட்டதான் சரக்கு எடுக்குறான்."

அரியலூரிலிருந்து வந்த பிறகு தஹ்சீன் சிரித்தது அப்போதுதான். தொட்டிப் பக்கம் நின்ற மரியராஜும் சிரித்தான். ஹக்கீமுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தன் யோசனை எடுபடவில்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. சிரித்து முடித்ததும் அவள் மறுபடி குனிந்து கல்லை உருட்ட ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ள முடியாது. ஊரெல்லாம் கறி எடுக்கும் நாள், சாயந்திரம் மண்டியில் தோல் வந்து குவியும். பிள்ளைகள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். மூன்றாம் வருசத்தில் மொத்தமே அவ்வளவுதான். மண்டி வாசலிலேயே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். ஆல்வின் என்று ஒருத்தன், துருத்திய பல்லும் சுருட்டை முடியுமாக, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கேட்டான்:

"மேம், கடல்வாசம் கடல்வாசம்னு கிளாஸ்ல சொன்னீங்களே, இதானா?"

"உள்ள வாடா."

"உசுரோட திரும்புவோமா மேம்?"

"நீ திரும்புவ. ஒன் சட்ட திரும்பாது."

ஹக்கீம் கணக்குமேசையை விட்டு எழுந்து வந்து பின்கட்டு வாசலில் நின்றுகொண்டார். மகள் பாடம் எடுத்து அவர் பார்த்ததில்லை. கல்லூரி வாசலில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாளாக்கும் என்று நினைத்திருந்தார். அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு கல்லை ஒரு பிள்ளையிடம் நீட்டினாள். வடமதுரைப் பிள்ளை, இசைவாணி.

"இதுல எது மேல்பக்கம்?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான மேம் இருக்கு?"

"ஒரு சொம்புத் தண்ணியில ஆத்துமண்ண அள்ளிப் போடு. எது மொதல்ல அடிக்குப் போகும்?"

"பெருமணல்."

"கடைசியா?"

"வண்டல்." அந்தப் பிள்ளை கல்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "மேம், இந்தப் பக்கம் நறநறன்னு இருக்கு. போகப்போக வழுவழுன்னு ஆகுது. அப்ப இந்த நறநறதான் கீழ்."

"கீழ்னா சாக்பீஸால குறி போடு. எல்லாத்துக்கும் அப்படிப் பாருங்க. தெரியலைன்னா தெரியலைன்னு தனியா வைங்க. ஊகம் பண்ணி வெக்காதீங்க."

அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகள் அடுக்கு என்பதைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். போன வாரம் அரியலூரில் தூரத்தில் நின்று போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். திண்டுக்கல்லில் அடுக்கு ஏது? மலையும் ஒரே கல், கிணறு வெட்டினாலும் அதே கல். இப்போது கையில் வைத்துத் தடவிப் பார்த்தார்கள். மணி ஏற ஏற வாடையை மறந்தார்கள். உடைந்த முனையோடு உடைந்த முனையைப் பொருத்தினால் சில கற்கள் பீங்கான் தட்டு ஒட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டன. "ஏய் சேருதுடி!" என்று கத்தினார்கள். சில முனைகள் பிரஷ் தேய்த்ததில் மழுங்கியிருந்தன. அவை எதனோடும் சேரவில்லை. தேய்த்தவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆல்வின் ஒரு துண்டை இரண்டு துண்டுக்கு நடுவே வைத்தான்.

"கரெக்டா மேம்?"

"எனக்குத் தெரியாது."

"மேமுக்கே தெரியாதா?"

"தெரியாதுடா. நீ வெச்ச, ஏன் வெச்சன்னு நீதான் சொல்லணும்."

ஹக்கீமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிக்க வந்த பிள்ளைகளுக்கு முன்னால் தெரியாது என்று சொல்லிவிட்டாளே. சந்தையில் அந்தச் சொல் வாயில் வந்தால் அன்றைக்கே விலையை இறக்கிவிடுவார்கள். அவர் அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பிள்ளைகள் யாரும் அவளை ஏளனமாகப் பார்க்கவில்லை. ஆல்வின் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தலையைச் சொறிந்து, தெரியாதவற்றின் பக்கம் கொண்டுபோய் வைத்தான். "அப்ப எனக்கும் தெரியாது மேம்" என்றான். "இன்னிக்குத்தாண்டா நீ ஜியாலஜி படிக்கிற" என்றாள் அவள்.

மத்தியானம் ஹக்கீம் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவரச் சொன்னார். உப்பு மூட்டைகள்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எலும்பைக் கடித்தபடியே வரிசையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். தின்றுமுடித்துப் பார்த்தால் பின்கட்டுத் தரையில் இரண்டு நீள வரிசைகள் கிடந்தன. ஒன்றில் சிப்பி. மற்றதில் சிப்பியே இல்லை. இரண்டுக்கும் நடுவில் வெறும் தரை.

"இந்த எடத்துலதான் அந்தக் கறுப்பு" என்றாள் தஹ்சீன், யாரிடம் என்றில்லாமல்.

"குப்பவண்டியிலதான மேம் போயிருக்கும்? குப்பக் கெடங்குல போயித் தேடுவோமா?" என்றாள் இசைவாணி.

மரியராஜ் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தரையைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் அதைச் சொல்லவில்லை. தூக்கிப் போட்டாச்சு என்றதோடு நிறுத்திக்கொண்டார். எங்கே என்று அவளும் கேட்கவில்லை. தினமும் அதன்மேல் லாரி ஏறி இறங்குவதை அவர் கணக்குமேசையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

"குப்பைக்குப் போகலம்மா" என்றார். "வாசல்ல, லாரி பின்வாங்குற பள்ளத்துல கெடக்கு. கழிசல அதுலதான் கொட்டச் சொன்னேன்."

தஹ்சீன் அவரை ஒரு நிமிசம் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மண்டிக்கு முன்னால் தெரு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். சரக்கு லாரி பின்வாங்கிப் பின்வாங்கி அங்கே ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. மழைக்கு மழை அது குளமாகும். ஹக்கீம் கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டி அதை மேடாக்குவார். அடுத்த வருசம் மறுபடி இறங்கிவிடும். மரியராஜ் கடப்பாரையை ஓங்கினான்.

"அண்ணே, அள்ளாதீங்க" என்று தஹ்சீன் தடுத்தாள். "ஒரு பக்கமா செங்குத்தா வெட்டுங்க. வாழத்தண்ட வெட்டுன மாதிரி. செவரு நிக்கணும்."

வெட்டினான். இடுப்பளவு ஆழத்துக்குச் சுவர் நின்றது. பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள்.

"மேம்" என்றாள் இசைவாணி மெதுவாக. "அடுக்கு."

அடியில் ஊர்ச் செம்மண். அதன்மேல் உடைந்த ஓடு. ஓட்டின்மேல் வெள்ளையாக இறுகிய உப்பு. அதன்மேல் சாம்பல். உச்சியில் தெருக்கல்லும் கழிசலும்.

"படிங்க" என்றாள் தஹ்சீன்.

"ஓடுதான் மேம் மொதல்ல விழுந்திருக்கு. அப்புறம்தான் உப்பு. அந்த உப்புக்கு நடுவுல மெல்லிசா மண்ணு ஓடுது பாருங்க. பாதி உப்பு கொட்டுனதும் மழை பேஞ்சு தெருமண்ணு அடிச்சிட்டு வந்திருக்கு. அப்புறம் மிச்ச உப்பு."

ஹக்கீம் குழியோரம் வந்து குனிந்து பார்த்தார்.

"ஆமா புள்ள. கூரைக்குத் தகரம் போட்டப்ப கழட்டுன ஓடு அது. உப்பு ரெண்டு தடவையாத்தான் கொட்டுனோம். நடுவுல மழ."

"பாத்தீங்களா, ஐயாவே ஒத்துக்கிட்டாரு" என்றான் ஆல்வின். "மேம், இந்தச் செவுத்துகிட்ட நாம எதையும் மறைக்க முடியாது போல."

"பேசின், பேசின்னு பாடத்துல வருதே, அப்படின்னா என்னடா?" என்று கேட்டாள் தஹ்சீன்.

ஆல்வின் விறைப்பாக நின்று, புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ் வரையறையை ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

"அது பரீட்சைக்கு. எனக்குச் சொல்லு."

அவன் சுவரைப் பார்த்தான். மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டை எப்போதோ கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"பள்ளம் மேம். விழுறதெல்லாம் போட்டது போட்டபடி கெடக்குற பள்ளம்."

தஹ்சீன் குழிக்குள் இறங்கி மண்டியிட்டு, உச்சி அடுக்கை விரலால் நோண்டினாள். கறுப்பு இருந்தது. கட்டியாக இல்லை. டயர் நசுக்கி, மழை கரைத்து, கல்லிடுக்கெல்லாம் மையாக இழுவியிருந்தது. நகத்தால் கொஞ்சம் சுரண்டி நாக்கில் வைத்தாள். ஜியாலஜிக்காரர்கள் அப்படிச் செய்வார்கள்.

"உப்பு" என்றாள்.

"கடல் உப்பா மேம்?"

"இல்லடா. எங்க அத்தா உப்பு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் வெகுநேரம் நிற்கவில்லை. அந்தக் கறுப்பை இனி எந்த ஆய்வுக்கும் அனுப்ப முடியாது என்று பிள்ளைகளுக்கு விளக்கினாள். தோல்மண்டி உப்பும் லாரி எண்ணெயும் ஏறிவிட்டன. அதற்குச் சொந்தமாக இருந்த சேதி போய்விட்டது. இருந்தும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் போட்டு முடிந்து வைத்துக்கொண்டாள். ஹக்கீம் ஓரமாக நின்றார். மகளிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் கேட்டுவிடலாம் என்று இருந்தது.

"ஏலே மரியராஜு," என்றார், "புள்ளைகளுக்கு டீ சொல்லு."

தீசிஸ் பங்குனிக்கு முன்னாலேயே போயிற்று. மெலிந்த புத்தகம். கைடு முகம் கொடுக்கவில்லை என்று தஹ்சீன் வீட்டில் சொன்னாள். சிப்பி ஏன் இல்லாமல் போயிற்று என்ற கேள்வியையே எடுத்துவிட்டாள். மேல்பாதியை எழுதினாள். கீழ்ப்பாதியில் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த அளவுக்கு எழுதினாள். சேராததைச் சேரவில்லை என்று எழுதினாள். இதற்குப் பட்டம் கொடுப்பார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று அவளுக்கே தெரியவில்லை. ஜூனில் வேலை இருக்குமா என்பதும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சர்புன்னிசா மட்டும், "அரை வயித்துக்குப் பரிமாறுன மாதிரி எழுதியிருக்கா" என்று புலம்பினாள்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு பக்கத்தை அவள் அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னாள்.

"கீழ்ப்பகுதிக் கற்களின் வரிசை, சேமித்துவைத்த இடத்தில் கலைந்துவிட்டது."

"தானாவா கலஞ்சுச்சு?" என்றார் ஹக்கீம். "யாரு கலச்சதுன்னு போடல?"

"அது தேவையில்லத்தா."

"போடு. பள்ளத்துச் செவரு மொதக்கொண்டு உண்மையச் சொல்லுது. நீ எதுக்கு மறைக்கிற?"

"ஒங்க பேரு நன்றிப் பக்கத்துல இருக்கு."

"என்னன்னு?"

"எடம் குடுத்து ஒதவினவருன்னு."

அவர் கொஞ்சநேரம் தாடியை உருவிக்கொண்டிருந்தார். "எடம் குடுத்தேன், சரிதான்" என்று எழுந்து மண்டிக்குப் போனார்.

சித்திரை வெயிலில் டிரைவர் சின்னக்கண்ணு சரக்கேற்ற லாரியைப் பின்வாங்கிக்கொண்டு வந்தான். மண்டி வாசலில் தார்டிரம் ஒன்றை நிறுத்தி, குழியின்மேல் தகரம் சாத்தி, கல்லைப் பாரம் வைத்திருந்தது. பிரேக்கை அடித்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"பாய்! மழ முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு? இன்னும் இந்தப் பள்ளத்த மூடலையா?"

"மூடுறதுக்கில்ல. நீ தள்ளி நிறுத்து."

"தள்ளி நிறுத்துனா சரக்க யாரு தூக்குறது?"

"ஆளு வெச்சுத் தூக்கிக்கிறேன்."

"ஒரு குழிக்காகவா? இதுக்குள்ள என்ன பொதையலா கெடக்கு?"

"எம்மக கிளாஸ் எடுக்கற எடம்டா அது."

சின்னக்கண்ணு மரியராஜைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, இரண்டு கெட்டவார்த்தையோடு வண்டியை முன்னால் எடுத்தான். மரியராஜ் தகரத்தை நகர்த்திக் குழியைப் பார்த்தான். வெயிலில் காய்ந்து சுவரில் ஓரிடம் பிதுங்கி நின்றது. ஓட்டுச் சில்லு ஒன்று விழப் பார்த்தது. மண்வெட்டியைக் கையில் எடுத்தான்.

"மொதலாளி, இந்த ஓரத்தச் செத்த செதுக்கிவிட்டுட்டா பாக்க லெச்சணமா இருக்கும்."

ஹக்கீம் கணக்குமேசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கை வெக்காதடா. போட்டது போட்டபடி கெடக்கட்டும்."